பட்டவர்தான் சொல்ல வேண்டும்

ஞாயிறு, மே 4

குளிர். காற்று. வெரிபீயையும் தாண்டி ஒரு மேய்ச்சல் நிலம், மாடுகளே வேண்டாமென்று விட்டுப்போன மாதிரி. வளர்ந்த ஆண்கள் பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்க்க டண்டினொங்கிலிருந்து மெல்பர்னின் முழு அகலத்தையும் கடந்து போனேன்.

நரேன் கூட்டிப்போனான். (கை விறைத்திருக்கிறது, இனி ந.) பழகிய நாளிலிருந்து இதே பாட்டு: "ஒரு தடவை வந்து பாரு அபி. பாத்துட்டு அப்புறம் திட்டு."

பார்த்தாகிவிட்டது. இனித் திட்டு.

இவர்கள் விரும்புவது ஏர்சாஃப்ட். அசல் துப்பாக்கியை அப்படியே அச்செடுத்த துப்பாக்கி, மிளகளவு பிளாஸ்டிக் குண்டு. விக்டோரியாவில் அதற்குத் தடை. ஆகவே விளையாடுவது வேறு: ஆரஞ்சும் பச்சையுமான பொம்மைத் துப்பாக்கி, விரல் நீளத்தில் ஸ்பாஞ்ச் டார்ட். தடை துப்பாக்கிக்கு மட்டும்தானே, உடைக்கு இல்லையே. எனவே உடுப்பு முழுக்க அசல். கழுத்து முதல் கணுக்கால் வரை காட்டுப் பச்சை, கையில் ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாள் பரிசு.

புதியவர் வாங்க வேண்டியவை, 'கமாண்டர்' சொன்னபடி:
- கண்ணாடி. (சரி.)
- முழங்கால் கவசம். (சரி, தரையெல்லாம் கல்.)
- பைகள் தைத்த மார்புக் கவசம். (பைக்குள் என்ன? மியூஸ்லி பார்.)
- ஹெல்மெட். (ஸ்பாஞ்சுக்கு.)
- புனைபெயர். (முடியாது.)

கமாண்டரின் பெயர் சங்கர். ஏதோ வங்கியில் கணினி வேலை, வெரிபீயில் இரட்டை கராஜ் வீடு, நாற்பதை நெருங்கும் வயது. அவர் மட்டும் தன் பொம்மைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். "ஆரஞ்சுல ஒரு ஃபீல் வர மாட்டேங்குது மேடம்." ஃபீல்!

எனக்கு இன்னும் ஒன்றும் தரவில்லை. கேட்டேன், வாயில் வந்த சொல்லால்: "என்ர துவக்கு எங்க?"

"துவக்கிடலாம் மேடம், எல்லாரும் வரட்டும்" என்றார் சங்கர்.

ந. விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி என்று அவருக்கு விளக்கினான். "அட, செம்மையா இருக்கே. துவக்குறதுக்கு ஒரு துவக்கு" என்றார் சங்கர். அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் துப்பாக்கியை உயர்த்தி "துவக்கு!" என்று கத்தினார். நான் தவிர எல்லோருக்கும் வேடிக்கை.

இதில் மூளை இருக்கிற ஒரே விஷயம் விதி. டார்ட் பட்டால் தடம் இருக்காது. நடுவருக்கும் தெரியாது. ஆகவே பட்டவர்தான் கையைத் தலைக்கு மேலே தூக்கி "ஹிட்" என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய் நிற்க வேண்டும். "ஹானர் சிஸ்டம். பட்டவங்கதான் சொல்லணும். சுட்டவங்க வாயே திறக்கக் கூடாது." இதைச் சொல்லும்போது மட்டும் சங்கர் மனிதர் போல இருந்தார்.

இது என் தொழில். செவித்திறன் சோதனையும் இதேதான். கேட்டவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதா இல்லையா என்று வெளியே இருக்கிற எனக்குத் தெரியாது. பெரும்பாலான ஆண்கள் கேட்காததற்கும் அழுத்துவார்கள். எங்கள் கிளினிக்கின் கணினியைத் திருத்த வந்த ந.வை, மெஷினைச் சரிபார்க்க உட்கார வைத்தபோது, இடது காதில் உயர் சுருதி ஒலிகள் வந்தும் அழுத்தாமல் சும்மா இருந்தான். வெளியே வந்து, "கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கல. சரியா?" என்றான். அன்று தொடங்கியது. அதனால்தான் இந்த வயலில் நிற்கிறேன், ஹெல்மெட்டோடு.

இரண்டாவது ஆட்டத்தில் என் கழுத்தில் பட்டது. "ஹிட்" என்று சொல்ல வேண்டும். வந்தது: "வெடி பட்டிட்டுது!"

வயலெல்லாம் சிரிப்பு. "வெடியா? தீபாவளி வந்துடுச்சா?" "எங்க வச்சாங்க வெடியை?" "மச்சி, எனக்கும் வெடி பட்டுடுச்சுடா!"

எங்கள் வீட்டில் வெடி கொளுத்தினால் பட்டாசு. வெடி பட்டது என்றால் துப்பாக்கிச் சூடு பட்டது. அம்மாவின் தம்பிக்கு, என் சின்ன மாமாவுக்கு, வெடி பட்டது. தெருவில், சைக்கிளில். அதைச் சொல்ல அம்மாவிடம் வேறு சொல் இல்லை. எனக்கும் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

விளக்கவில்லை. யாருக்கு விளக்குவது, மியூஸ்லி பார் தின்பவர்களுக்கா?

திரும்பும் வழியில், மேம்பாலத்தில், ந. சொன்னான். பிரிஸ்பேனில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீயும் வா. கல்யாணம் பண்ணிட்டே போலாம். அங்க ஜெல் உருண்டை சுடுற துப்பாக்கி லீகல் தெரியுமா?"

ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரு முறை வரும் வாக்கியம். அதிலும் ஜெல் துப்பாக்கி.

யோசிக்கிறேன் என்றேன். உண்மைதான், யோசிக்கிறேன். அதுதான் கேவலம்.

திங்கள், மே 5

தொடை இரண்டும் வேறு யாருடையதோ போல. படியில் பக்கவாட்டாக இறங்கினேன்.

கிளினிக்கில் ஒரு பெரியவர், ஒலி வருவதற்கு முன்பே அழுத்துகிறார். "அங்கிள், கேட்டால் மட்டும்." "கேக்குது பிள்ளை, எல்லாம் கேக்குது." மகள் கண்ணாடிக்கு வெளியே நின்று தலையில் கைவைத்தாள். வீட்டில் டிவி சத்தம் தெரு முனைக்குக் கேட்கிறதாம்.

வாங்க வேண்டும்: பால், பாண் (ந.வுக்கு அது பிரெட்), அம்மாவின் மாத்திரை.

புதன், மே 7

வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பெயர்: வெரிபீ வேங்கைகள். இப்படி ஒரு பெயரை எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொல்ல மாட்டோம். இவர்களுக்கு அது வெறும் மோனை.

நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் அதற்குள் ஸ்டிக்கர் ஆகியிருக்கிறது. கீழே 'வெடி பட்டுடுச்சு'. ஒருவருடைய மனைவி பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போகச் சொன்னதற்கும் அதுதான், வீட்டுக் கடன் வட்டி ஏறியதற்கும் அதுதான். ந.வும் ஒரு முறை அனுப்பியிருந்தான். பார்த்தேன்.

மாலை ஃபோனில் அவனுடைய பயிற்சி. எங்கள் பேச்சைப் பழகுகிறான், சில மாதமாக. ஆர்வம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் சேகரிப்பு, சுற்றுலா போனவர்கள் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் போல.

"ஓம். வாறன். போட்டு வாறன். எப்படி?"

நன்றாகத்தான் இருந்தது. காது ஒன்று சரியில்லாதவனுக்கு இப்படி ஒரு உச்சரிப்பு.

"ஆன்ட்டிகிட்ட இன்னும் சென்னைத் தமிழ்தானே பேசியிருக்கேன். ஒரு நாள் சர்ப்ரைஸா உங்க தமிழ்ல பேசுறேன் பாரு. அசந்துடுவாங்க."

சனி, மே 10

அம்மாவோடு டண்டினொங் சந்தை. நாளை அன்னையர் தினம், எங்கே பார்த்தாலும் செவ்வந்திக் கொத்து. அம்மா: "செத்தவீட்டுப் பூவைக் கொண்டுவந்து தாய்க்குக் குடுக்கினம்." வாங்கவில்லை. முருங்கைக்காய் வாங்கினோம், அதுவும் வாடல்.

"நாளைக்கு எங்க போறாய்?"

"வெரிபீப் பக்கம். நரேனோட. ஒரு விளையாட்டு."

"என்ன விளையாட்டு?"

"ஓடிப் பிடிக்கிற மாதிரி."

"உந்த வயசிலயோ?" அவ்வளவுதான். துவக்கு என்ற சொல் வராமல் ஒரு விளையாட்டை விவரிப்பது எவ்வளவு சுலபம்.

அம்மாவின் ஃபோனில் நான் இருக்கும் இடம் நீலப் புள்ளியாக எப்போதும் தெரியும். எனக்கு இருபத்தேழு வயது. அணைத்துவிடச் சொன்னால், "அணைச்சுப்போட்டு நான் என்ன செய்யிறது?" என்பார்.

ஏன் நாளை போகிறேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஒருவனை முடிவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். பொய்.

திங்கள், மே 12

லீவு போட்டேன். நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக.

காலை ஆட்டம். நான் டயர் சுவருக்குப் பின்னால், ந. எதிரணியில். குனியாமல், நிதானமாக வந்தான். சுட்டேன். டார்ட் அவன் நெஞ்சில், சரியாக மியூஸ்லி பார் பையின் மேல் பட்டு விழுந்தது. குனிந்து பார்த்தான். டார்ட்டைப் பார்த்தான். நிமிர்ந்து ஓடினான், மேலும் இருவரைச் சுட்டான். கை தூக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. விதி. உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம், பரீட்சையில் காப்பியடித்தவனைக் கண்ட ஆசிரியைக்கு வருமே, அது. அதன் கீழே வேறொன்று. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

மதியத்துக்குப் பிறகு குழியில் கால் பிசகியது. பெரிதாக இல்லை. வேலியோரம் பூட்ஸைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன், மேகன் ஐஸ் தந்தாள். (மேகன்: நிலத்தின் சொந்தக்காரி. எங்களைப் பார்க்கும்போது வரும் பெருமூச்சை மறைப்பதில்லை. அங்கே எனக்குப் பிடித்த ஒரே ஆள்.) என் ஃபோன் ந.வின் மார்புப் பையில்.

சற்றுப் பொறுத்து, சைரன் இல்லாமல், விளக்கு மட்டும் சுழன்றபடி இரண்டு போலீஸ் கார்கள் புல்லுக்குள் வந்தன.

அவர்களுடைய துப்பாக்கிகள் உறையில்தான் இருந்தன. கை உறையின் மேல். வேங்கைகள் அத்தனை பேரும் பொம்மைகளைப் போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினார்கள். பட்டால் தூக்குகிற ஒரு கை இல்லை, இரண்டும். கமாண்டர் முழங்காலில் இருந்தார். கவசம் அப்போதுதான் பயன்பட்டது. "டாய்ஸ், சார், டாய்ஸ்" என்று அழுகிற குரலில். கறுப்புப் பெயின்ட் அடித்த பொம்மை அவர் முன்னால் புல்லில், ஃபீலோடு.

"இங்கே சுடப்பட்ட பெண் யார்?" என்று கேட்டாள் அந்தப் பெண் போலீஸ்.

எனக்குப் புரிந்தது. அவள் மேலே சொல்லும் முன்பே புரிந்தது. ந.வைப் பார்த்தேன். அவனுக்கு இன்னும் புரியவில்லை.

நடந்தது இது. அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறார், சோறு வைக்கவா வேண்டாமா என்று கேட்க. ந. எடுத்தான். சர்ப்ரைஸ். வாரம் முழுக்கப் பழகிய சொல், குழுவே சிரித்த சொல்.

"அன்ரி, பயப்படாதேங்கோ. அபிக்கு வெடி பட்டிட்டுது. கொஞ்சம் பிந்தித்தான் வருவா."

பிழையே இல்லாமல். சங்கர் சொல்லியிருந்தால் அம்மா பகிடி என்று நினைத்திருப்பார். இவன் சரியாகச் சொன்னதுதான் பிழை.

அம்மாவின் ஃபோன் கீழே விழுந்து அணைந்திருக்கிறது. "சிக்னல் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றான் பிறகு. பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரி, அம்மாவைத் தெருவோரப் புல்லில் ஒற்றைச் செருப்போடு கண்டு, தன் ஃபோனைக் கொடுத்திருக்கிறார். அம்மா போலீசுக்குச் சொன்னது: மை டோட்டர் ஷாட். வெரிபீ. அம்மாவின் ஃபோனை மறுபடி உயிர்ப்பித்து, நீலப் புள்ளியைப் பார்த்து வழி சொன்னது வியட்நாம் அன்ரி.

போலீஸ்காரி தன் ஃபோனில் போட்டுத் தந்தாள்.

"அம்மா, நான்தான். எனக்கு ஒண்டுமில்லை."

மூச்சு மட்டும். பிறகு: "நீ அபிதானோ?"

"ஓம் அம்மா."

"மாமான்ர பேரைச் சொல்லு."

சொன்னேன். சின்ன மாமாவின் முழுப் பெயரை, காட்டுப் பச்சை உடுத்திய சிரிப்பாளர்களுக்கு நடுவில், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

கறுப்புப் பொம்மையைப் போலீஸ் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். சங்கருக்கு ஒரு கடிதம் வரும். மேகன்: "இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்." பெருமூச்சு இல்லாமல் சொன்னாள்.

காரில் ந. சொன்னான்: "சத்தியமா ஜோக்குதான் அபி. எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு, "நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே."

அது உண்மை. எரிச்சலூட்டும் உண்மை. அப்போது சொன்னேன், மாமாவைப் பற்றி. பாலம் முடியும் வரை ந. மெதுவாக ஓட்டினான். கண் துடைத்தான்.

"நான் வந்து ஆன்ட்டிகிட்ட சொல்லிடறேன். நான்தான்னு. நேர்ல."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

வீட்டில், அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. கழுத்து, தோள், முதுகு, விலா என்று தடவிப் பார்த்தார், சந்தையில் முருங்கைக்காயைப் பார்ப்பது போல. பிறகு சோறு போட்டார்.

எனக்கு நானே ஒன்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு முன்னால் அவன் 'நான்தான்' என்று சொன்னால், பிரிஸ்பேன். ஜெல் துப்பாக்கியோடு சேர்த்து. சொல்லாவிட்டால் இல்லை. நெஞ்சில் பட்ட டார்ட்டை மறந்துவிடுகிறேன். அது விளையாட்டு.

செவ்வாய், மே 13

தூறல். வீட்டைக் கூட்டினேன். ஏன் கூட்டினேன்?

ந. ஆறு மணிக்கு. சட்டைக் கையை மடிக்காமல் பொத்தான் போட்டு. லட்டுப் பெட்டி. ஒரு பெண்ணைக் கிட்டத்தட்டக் கொன்றதற்கு லட்டு. (அம்மா நேற்று முழுக்கப் படுக்கையில். இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது.)

"இருங்கோ தம்பி, அந்தக் கதிரையில இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

"பரவால்ல ஆன்ட்டி, சிரமப்படாதீங்க." சுத்தமான சென்னை. எங்கள் தமிழ் எங்கோ போய்விட்டது. பயத்தில் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

அம்மா கேட்டார், உது என்ன விளையாட்டு என்று. அவன் சொல்லத் தொடங்கியதும் முகம் தெளிந்தது. ஸ்பாஞ்ச், வலிக்காது, பாதுகாப்பு, உடற்பயிற்சி. "நேர்மையை வச்சு ஆடுறதுதான் ஆன்ட்டி. யார் மேல பட்டுச்சோ அவங்களேதான் சொல்லணும். சொல்லிட்டு வெளிய போயிடணும்."

அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பட்டவன் சொல்லுறதோ?"

"ஆமா ஆன்ட்டி."

"பட்டவன் எங்க தம்பி சொல்லுறது."

கேள்வி இல்லை அது. ந. லட்டுப் பெட்டியைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இப்போது, என்று நினைத்தேன். இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது.

வாயைத் திறந்தான். அம்மா முந்திக்கொண்டார்.

"அண்டைக்கு ஃபோன் எடுத்தவன் ஆரோ எங்கட பெடியன், தம்பி. யாழ்ப்பாணத்துக் கதை. வடிவாக் கதைச்சவன். அதாலதான் நம்பினனான். எங்கட பிள்ளையள் இதைப் பகிடிக்குச் சொல்லாதுகள் எண்டு. உங்கட ஆக்களில ஆர் அந்தப் பெடியன்?"

கதவு இவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று அவனும் எதிர்பார்த்திருக்க மாட்டான். எங்கள் பெடியன் என்று அங்கே ஒருவரும் கிடையாது. நான் ஒருத்திதான்.

மழை தகரத்தில். குளிர்பெட்டி உறுமல். சோதனை அறையில் நான் இப்படித்தான் காத்திருப்பேன், ஒலியை அனுப்பிவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல்.

"தெரியல ஆன்ட்டி" என்றான் ந. "நெறைய பேர் வருவாங்க. யாரோ தெரியல."

அதோடு முடிந்தது. இன்னும் ஒரு கோப்பை குடித்தான். பிரிஸ்பேன் வெயிலைப் பற்றிப் பேசினான். வீட்டு வாடகையைப் பற்றி. நிம்மதி வந்ததும் கையை வீசிப் பேசத் தொடங்கினான், குரல் ஏறியது, பழைய ந., எல்லோருக்கும் பிடிக்கிற ந. எழுந்தான். வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, அதே நிம்மதியில், பழக்கத்தில், சிரித்துக்கொண்டே:

"அப்ப போட்டு வாறன், அன்ரி."

பிழையே இல்லாமல்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல். கார் பின்வாங்கித் திரும்பித் தெருமுனை கடக்கும் வரை ஜன்னலோரம் நின்றார்.

"அந்தக் குரல்தான்" என்றார்.

"ஓம்."

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் நீ சொல்லேல்லை?"

"நான் சொல்லக் கூடாது அம்மா. பட்டவன்தான் சொல்லோணும்."

அம்மா திரையை இழுத்துவிட்டார்.

"அப்ப, அவன் இன்னும் நிண்டு விளையாடுறான்."

புதன், மே 14

மழை விடவில்லை. ரயில் தாமதம். லட்டுப் பெட்டி பிரிக்காமலே கிளினிக்குக்கு வந்தது, மதியத்துக்குள் காலி.

வெரிபீ வேங்கைகளிலிருந்து விலகினேன். எனக்குப் பிறகு அங்கே யாரோ அந்த ஸ்டிக்கரைப் போட்டிருப்பார்கள்.

ந.விடமிருந்து: 'ஆன்ட்டிக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சுல்ல? பிரிஸ்பேன்??' இரண்டு கேள்விக்குறி, ஒரு பனைமரம்.

'இல்லை' என்று அனுப்பினேன்.

உடனே வந்தது: 'ஏன்??'

சுட்டவர் வாயே திறக்கக் கூடாது.